கண்மணியில் ஒரு வெள்ளொளி

குழந்தையைக் ‘கண்ணே’ என்றும் ‘கண்மணியே’ என்றும் விளித்தல் தமிழ்த் தாய்மாரின் வழக்கு. அக்கண்மணியிலேயே குழந்தையின் உயிருக்கு ஊறு தோன்றக்கூடும் என்பதைப் பலர் அறியார். விழித்திரைப் புற்றுநோய் அத்தகையது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 வரையான பிறப்புகளில் ஒன்றிலேயே காணப்படும் இவ்வரிய நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்னரே தோன்றிவிடுகின்றது.

இதன் தலையாய அறிகுறி கண்மணியிற் காணும் வெண்மையாகும். கரியதாய்த் தோன்றவேண்டிய கண்மணி, விளக்கொளி ஒரு கோணத்திற் படும்போது பூனைக்கண் போல் மின்னும். மின்வெட்டொளியில் எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் சிவந்தும் மற்றையது வெளுத்தும் தெரியலாம். அடுத்த அறிகுறி வாக்குக்கண். அதனை அதிர்ஷ்டமெனக் கொண்டு வாளாவிருப்போரும் உளர். தொடக்கத்தில் நோவு இல்லாமையாற் குழந்தை அழுவதில்லை. மற்றைக் கண் நலமாயிருப்பின் பார்வைக் குறைவும் புலப்படுவதில்லை.

ஆதலின் இக்குறியை முதலிற் காண்பவள் பெரும்பாலும் தாயே. மங்கிய விளக்கடியில் விரிந்த கண்மணியூடே அவள் கண்டது, வைத்தியசாலையின் வெளிச்சத்திற் கண்மணி சுருங்கியதும் மறைந்துவிடலாம். ‘வீண் பயம்’ எனக் கூறி அவளைத் திருப்பி அனுப்பின், இழக்கப்படும் மாதங்கள் மீளா. வெண்மையெல்லாம் புற்றுநோயன்று, கண்புரையாலும் அது தோன்றும். எனினும், சொட்டுமருந்தாற் கண்மணியை விரித்துச் சோதித்தாலன்றி எதுவென்று துணிய இயலாது.

1809இல் எடின்பரோவில் ஜேம்ஸ் வார்ட்ரொப் என்னும் சத்திரவைத்தியர், இந்நோயுற்ற கண்ணை முற்கூட்டியே அகற்றவேண்டுமென வற்புறுத்தினார். 1971இல் அல்பிரட் நட்சன், ஒரே கலத்தில் நிகழும் இரு மாற்றங்களால் இந்நோய் உண்டாவதாக விளக்கினார். முதல் மாற்றத்தைச் சில குழந்தைகள் பிறப்பிலேயே பெற்றிருக்கின்றன. எனவே உடன்பிறந்தாரின் கண்களையும் சோதித்தல் வேண்டும்.

குழந்தையின் கண்ணை அகற்றச் சம்மதித்தல் பெற்றோருக்குப் பெருந்துயர். ஆயினும் தயங்குங்கால் நோய் பார்வை நரம்பின் வழியே மூளையை நாடும். காலத்தோடு கண்டால் உயிரையும், பல வேளைகளிற் கண்ணையுங்கூடக் காக்கலாம். செல்வ நாடுகளில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றனர். வறிய நாடுகளிற் பலர் மாள்வதற்குத் தாமதமே பெருங்காரணமாகும்.

‘இரவிலே பிள்ளையின் கண் மின்னுகிறது’ என்று ஒரு தாய் சொன்னால், அவளுக்கு மறுமொழி கூறுமுன் குழந்தையின் கண்ணிற் சொட்டுமருந்து இடுவதே அறிவுடைமை.