மேசையின் கால்கள்

2021 ஓகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை காலை. கொரோனா ஊரடங்கு நாட்கள். அக்காவின் மகள் கைத்தொலைபேசியோடு என்னிடம் ஓடிவந்தாள்.

"சித்தி, உங்களைப் போல கதிரையில இருந்து விளையாடுகினம். பாருங்கோ!"

2009 இல் எறிகணை பட்டு என் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. "உங்களைப் போல" என்று யார் பேச்சைத் தொடங்கினாலும் அடுத்து அனுதாபம்தான் வரும் என்பது என் அனுபவம். அரைமனதோடுதான் பார்த்தேன்.

அது டோக்கியோ பராலிம்பிக்கின் மேசைப்பந்தாட்ட இறுதிப் போட்டி. சக்கர நாற்காலியில் ஆடும் பெண்களுக்கான நான்காம் பிரிவு. ஒரு பக்கம் சீனாவின் ஜோ யிங். மறுபக்கம் இந்தியாவின் பவினா பட்டேல். குஜராத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, ஒரு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் பலத்தை இழந்தவர். அகமதாபாத்தில் கணினி படிக்கப் போன இடத்தில்தான் இந்த விளையாட்டைப் பழகினாராம்.

இறுதிப் போட்டிக்கு வரும் வழியில், 2016 ரியோவில் தங்கமும் வெள்ளியும் வென்ற இருவரையுமே அவர் தோற்கடித்திருந்தார். ஆனால் அன்று ஜோ யிங்கிடம் 3–0 என்று தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். பராலிம்பிக் மேசைப்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அடுத்த வருடம், 2022 இல், பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தங்கமே வென்றார்.

பதக்கத்தை விட என் மனதில் நின்றது வேறொன்று. ஆட்டம் முடிந்ததும் பிள்ளை இந்த விளையாட்டின் விதிகளைத் தேடி வாசித்துக் காட்டினாள். மேசையின் உயரம் எல்லோருக்கும் போல 76 சென்ரிமீற்றர்தான். வலையும் அதே உயரம்தான். ஆனால் தொடக்க அடியில் பந்து எதிராளியின் பக்கத்தில் பட்டுப் பக்கவாட்டால் வெளியே போனால், அதைத் திருப்பிப் போட வேண்டும். கதிரையில் இருப்பவர் அவ்வளவு தூரம் எட்ட முடியாதல்லவா? மேசையின் கால்களும் விளிம்பிலிருந்து 40 சென்ரிமீற்றராவது உள்ளே தள்ளியிருக்க வேண்டுமாம், கதிரை முட்டாமல் இருப்பதற்காக.

இதில் அனுதாபம் எங்கே இருக்கிறது? இது விதி. கதிரைக்கு இடம் விட்டால் போதும், மிச்சத்தை ஆடுபவர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் குசினி மேசையின் குறுக்குச் சட்டம் என் கதிரையில் முட்டும். அதனால் பலகையை மடியில் வைத்துத்தான் மரக்கறி வெட்டுவேன். ஒருநாள் சூடான சட்டியை மடியில் வைத்துவிட்டேன். கால்களில் உணர்வில்லாததால் சுட்டது தெரியவில்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் சென்றது. அப்போதும் நான் மேசையைப் பற்றி வாய் திறக்கவில்லை. இருக்க இடம் தந்த வீட்டில் இன்னும் என்னத்தைக் கேட்பது என்ற கூச்சம்.

அன்று பின்னேரம் அத்தானிடம் கேட்டேன். அவர் வாளை எடுத்து வந்து சட்டத்தை அறுத்து, பின்னுக்குத் தள்ளி அடித்தார். அரை மணித்தியால வேலை.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார்.

பன்னிரண்டு வருடம் நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சட்டம் முட்டிக்கொண்டிருக்கும். வாய் திறந்து கேளுங்கள்.