உச்சிக்குச் சில அடி முன்னாடி

வேப்பனப்பள்ளிக்காரனுக்கு பனிமலையைப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்காதீங்க. எங்க ஊர்ல பனின்னா மார்கழி காலைல மாந்தோப்புல இறங்கறதுதான்.

போன நவம்பர்ல ஓசூர் கம்பெனி நண்பர்களோட டார்ஜிலிங் போயிருந்தேன். விடிகாலை மூணரைக்கு எழுப்பி, ஜீப்புல ஏத்தி, டைகர் ஹில்லுல விட்டாங்க. பல்லு தந்தியடிக்குது. ஒரு அக்கா பிளாஸ்க்குல காபி வித்துட்டு வந்தாங்க. (நம்ம ஊர் காபியை நினைச்சுட்டு வாங்கிடாதீங்க!)

வெளிச்சம் வந்ததும் எல்லாரும் கையைக் காட்டறாங்க. எனக்கு மேகம்தான் தெரியுது. அப்புறம்தான் புரிஞ்சது, மேகம்னு நினைச்சதுதான் மலை! முதல்ல உச்சி மட்டும் சிவந்தது... காஞ்சன்ஜங்கா. 8586 மீட்டர், உலகத்துல மூணாவது.

எங்க ஜீப் டிரைவர் சிக்கிம்காரர். அது எங்க சாமின்னார். 1955 மே 25ல ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்டுன்னு ரெண்டு பிரிட்டிஷ்காரங்க நேபாளப் பக்கமா முதல்முதலா ஏறினாங்க. ஏறிட்டு உச்சிக்குச் சில அடி கீழேயே நின்னுட்டாங்க. சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்காம். 1977ல கர்னல் நரேந்திர குமார் தலைமையில போன நம்ம ராணுவக் குழுவும் அப்படியேதான். 2001லேர்ந்து சிக்கிம் பக்கமா ஏறவே தடை.

எனக்கு எங்க ஊர் கரடு ஞாபகம் வந்துடுச்சு. மேல முனியப்பன் கோயில். அவ்வா செருப்பைக் கீழேயே கழட்டச் சொல்வாங்க. அப்புறம் கிரானைட் குவாரி வந்தது. சாமியை ரோட்டோரமா மாத்தி வச்சுட்டு, உச்சியிலேர்ந்தே வெட்டிட்டு வந்தாங்க. இப்ப அங்க பள்ளமும் பச்சைத் தண்ணியும்தான்.

குறை சொல்ல எனக்கு வாயில்லீங்க. எங்க நைனா அதே குவாரியில பதினாலு வருஷம் ஜாக்ஹாம்மர் பிடிச்சவர். என் டிப்ளமா பீஸ் அந்தக் கல்லுதான். இன்னிக்கும் அவருக்கு வலது காது சரியா கேக்காது.

ஊருக்கு வந்ததும் செல்லுல போட்டோ காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேல கோயில் இருக்கா?"

"இல்ல நைனா, மலையே சாமியாம். ஏறினவங்க நிறைய பேர் உச்சியை மிதிக்காமலே இறங்கிட்டாங்களாம்."

விரலால படத்தைப் பெரிசு பண்ணினார். "பனிக்கு அடியில என்ன கல்லுப்பா?"

தெரியலைன்னேன்.

"தெரியாமயே இருக்கட்டும்"னு செல்லைக் கொடுத்துட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.