மஞ்சள் பாலும் மருந்தும்

காலஞ்சென்ற என் அக்காவுக்கு நான் செய்த ஓர் உபகாரத்தைப் பற்றி இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். ஏற்றிய மருந்துகளில் ஒன்று நித்திய கல்யாணிச் செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் என்று கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எங்கள் கிணற்றடியில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிற செடி அல்லவா! சில மாதங்களில் கழுத்துக் கட்டிகள் கரைந்தன. அக்கா சமையலறைக்குத் திரும்பி, நான் வைத்த சாம்பாரைக் குறை சொன்னாள். ஒரு வருஷத்துக்குள் கட்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை மருந்து ஏறியது, கட்டி அசையவில்லை.

"இதற்குப் பழகிவிட்டதென்றால் வேறு மருந்தைக் கொடுங்களேன், டாக்டர்" என்றேன், கடையில் சோப்பை மாற்றிக் கேட்கிறவன் மாதிரி.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கோபிக்காமல் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். "இது புற்றுநோய் உயிரணு, சார். இதன் சுவரில் ஒரு பம்ப் இருக்கிறது. உள்ளே வருகிற மருந்தை, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற மாதிரி வெளியே இறைத்துவிடும். ஒரு மருந்தை மட்டும் அல்ல. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல மருந்துகளை."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1976-ல் டொரான்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் கண்டுபிடித்தது. பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயர். வெள்ளெலியின் உயிரணுக்களைக் கால்ச்சிசின் என்ற விஷத்தில் வளர்த்து, பிழைத்தவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கிற விஷம்தான் அது. அதற்குத் தப்பியவை, முன்பின் பார்த்திராத வேறு மருந்துகளுக்கும் மசியவில்லையாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மஞ்சளில் உள்ள குர்க்குமினும் மிளகில் உள்ள பைப்பரினும் சோதனைச்சாலையில் அந்தப் பம்பை மட்டுப்படுத்துகின்றன என்று வேறு படித்துத் தொலைத்தேன். அன்று ராத்திரி முதல் பாலில் இரண்டையும் தாராளமாகப் போட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாம் வாரம் அவரே கேட்டார்: "மிளகுப் பால் நடக்கிறதாமே?"

நான் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கண்ணாடித் தட்டில் சரி, சார். வயிற்றுக்குள் போன குர்க்குமினில் ரத்தத்தில் சேருவது சொற்பம். அப்படியே சேர்ந்து பம்பை அடைத்தாலும் சங்கடம்தான். அதே பம்ப் குடலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. மூளைக்குள் விஷம் புகாமல் காப்பதும் அதுதான். எல்லா இடத்திலும் அடைத்துவிட்டு, நான் ஏற்றுகிற மருந்து உடம்பில் எவ்வளவு நிற்கும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பேன்?"

1981-ல் ஜப்பானில் ட்சுரூவோ என்பவர், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற வெராபமிலைச் சேர்த்து, எலிகளில் வின்கிறிஸ்டினை மறுபடி வேலை செய்ய வைத்தாராம். மனிதர்களுக்கு அந்த அளவு கொடுத்தபோது இருதயம் தாங்கவில்லை. பின்னால் வந்த மருந்துகள் பம்பை நன்றாகவே அடைத்தன. ஆனால் புற்றுநோய் மருந்து உடம்பில் தேங்கியது. அதன் அளவைக் குறைக்க வேண்டி வந்தது.

திரும்பும்போது டாக்ஸியில் நான் பேசவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அக்கா.

"ஏன்?"

"நீ சொல்லமாட்டாய் என்றுதான். ஆசையாகக் கொண்டு வருகிறாயே என்று இத்தனை நாள் குடித்தேன். தொண்டையெல்லாம் எரிகிறதடா."

வீட்டு வாசலில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரிப் பாலை நிறுத்திவிடாதே. சர்க்கரை மட்டும் போடு."