காட்டர் பின் இரண்டு

கார் விபத்து வழக்கில் 'ஸ்டீயரிங் கட் ஆயிட்டு சார்' என்று சொல்லாத டிரைவர் அபூர்வம். அது இல்லையென்றால் பிரேக் பிடிக்கவில்லை. அதுவும் இல்லையென்றால் முன் டயர் வெடித்துவிட்டது. பழியை இரும்பின் மேல் போட்டுவிட்டால் மனிதன் தப்பிவிடலாம் என்பது பாளையங்கோட்டை கோர்ட் வாசல் டீக்கடைகளில் காசில்லாமல் கிடைக்கும் சட்ட ஆலோசனை. என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் ஒரே ஒருவர்தான் இதற்கு நேர் எதிராக நின்றார். தன் மேல் தப்பு என்று சொல்லிக்கொள்ள அவர் தயாராக இருந்தார். தான் மாட்டிய டை ராட் எண்ட் மேல் தப்பு என்று சொல்ல மட்டும் சம்மதிக்கவில்லை.

விக்கிரமசிங்கபுரத்துக்காரர். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மாருதி 800 வைத்திருந்தார். 2012 மாசி, பிசான அறுவடை நேரம். அந்த நாட்களில் தாமிரபரணிக் கரை ரோட்டில் பாதி களமாகிவிடும். தாரில் நெல் காயும், வைக்கோல் பரந்து கிடக்கும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். கல்லிடைக்குறிச்சி தாண்டி வீரவநல்லூரை நோக்கி வந்துகொண்டிருந்தவர் அப்படி ஒரு டிராக்டரை முந்தினார். எதிரே, தன் ஓரத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பால்காரரின் சைக்கிளில் கார் இடித்தது. பதற்றத்தில் இடதுபக்கம் ஒடித்தார். கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிற ஒரு சின்ன வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் முட்டி நின்றது. பால்காரருக்கு வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. அம்பையில் முதலுதவி செய்து ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

காரின் இடது முன் சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் பிரிந்து தொங்கியது. விபத்துக்குச் சில வாரம் முன்னால்தான், வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, இரண்டு பக்கமும் டை ராட் எண்டை அவரே மாற்றியிருந்தார். தெருவே பார்த்திருந்தது. வழக்கு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடந்தது.

மகன்தான் முதலில் வந்தார். "சார், ஸ்டீயரிங் கட் ஆயிட்டுன்னு போட்டா அப்பா மேல தப்பு வராதுல்லா?"

வரும். முன்னைவிட அதிகமாக வரும். 1977-ல் உச்ச நீதிமன்றம் மினு பி. மேத்தா வழக்கில் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. அதுவும் லாரி முதலாளி இயந்திரக் கோளாறு என்று எதிர்வாதம் வைத்த வழக்குதான். கோளாறு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அத்தோடு, தேவையான கவனம் எல்லாம் எடுத்தும் அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தது என்பதையும் அவரே காட்ட வேண்டும் என்றது கோர்ட். பட்டறையில் விட்டவர் பில்லைக் காட்டுவார், மெக்கானிக்கைக் கூண்டில் ஏற்றுவார். வாசலில் உட்கார்ந்து தானே மாட்டியவர் யாரைக் கூப்பிடுவார்?

மகனுக்கு இது பாதிதான் புரிந்தது. அப்பாவுக்குப் புரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. "ஏல, நீ சும்மா இரு" என்று மகனை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "வக்கீலய்யா, நான் அவசரப்பட்டு ஓவர்டேக் எடுத்தேன். அது என் தப்பு. ஆனா நான் போட்ட பின்னு அங்கனதான் இருக்கும். போயிப் பாருங்க."

அடுத்த முறை வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே கழற்றிய பழைய டை ராட் எண்ட் இரண்டும் இருந்தன. மேசையில் செய்தித்தாளை விரித்து எனக்குப் பாடம் எடுத்தார். நான் அதுவரை எத்தனையோ மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கைகளைக் கோர்ட்டில் படித்திருக்கிறேன். அந்தப் பொருளைக் கையில் பிடித்தது அன்றுதான்.

ஒரு உருண்டை, அதிலிருந்து நீளும் தண்டு. உருண்டை ஒரு கூட்டுக்குள் கிரீஸோடு சுழலும். மேலே ரப்பர் மூடி. ரப்பர் கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்க் கூடு தேய்ந்துவிடும். தேய்ந்தால் வேகத்தடையில் 'டொக்' என்று சத்தம், ஸ்டீயரிங்கில் ஆட்டம், டயர் ஒரு ஓரமாகத் தேய்வது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் கையே சொல்லிவிடும். பழையதில் ஒன்றை என் கையில் கொடுத்தார். தண்டு சோளத்தட்டை மாதிரி லொடலொடவென்று ஆடியது.

மாற்றும் முறையையும் விடவில்லை. நட்டைக் கழலாமல் பிடித்திருக்கும் காட்டர் பின்னை உருவி, கேசில் நட்டைத் தளர்த்தி, தண்டு உட்கார்ந்திருக்கும் நாக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் பிடி விட்டுக் கழலும். தண்டின் மேலேயே அடித்தால் மரை கெட்டுப்போகும். பழையதை ராடிலிருந்து கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டு, புதியதை அதே சுற்றுக்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணும். எண்ணி மாட்டினாலும் அது தோராயம்தான். அதனால் மறுநாளே பாளையங்கோட்டையில் வீல் அலைன்மென்ட் பார்த்திருக்கிறார். "கடைசியில நட்டுல உள்ள வெட்டும் தண்டுல உள்ள ஓட்டையும் நேரா வரலைன்னா, இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் நேராக்கணும். தளத்தி நேராக்கப்படாது. அங்கதான் பாதிப் பேரு கோட்டை விடுதான்." பின்னைச் செருகி இரண்டு காலையும் மடக்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவே கூடாது. இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அன்று இரவு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ஐ எடுத்து 98-ம் விதியைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கில் 30 டிகிரிக்கு மேல் வெற்றாட்டம் இருக்கக் கூடாது. இணைப்புகளின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும். போல்ட்டோ பின்னோ போட்ட இடங்கள் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். மாலையில் அவர் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். இதை யார் செய்ய வேண்டும் என்று விதியில் ஒரு வார்த்தை இல்லை.

பால்காரர் இழப்பீட்டு மனு போட்டார், மோட்டார் வாகனச் சட்டம் 166-ம் பிரிவின்படி. எதிர்மனுதாரர் ஒன்று, நம் பிட்டர். இரண்டு, இன்சூரன்ஸ் கம்பெனி. இருந்தது மூன்றாம் நபர் பாலிசி மட்டும். பொதுவாக இந்த மாதிரி வழக்கில் வண்டி முதலாளி கோர்ட் பக்கமே வருவதில்லை, கம்பெனிதான் பேசும். இங்கே அப்படி விட முடியவில்லை. கம்பெனியின் புலனாய்வாளர் விக்கிரமசிங்கபுரம் தெருவில் விசாரித்துப் போய், 'மெக்கானிக் அல்லாத உரிமையாளர் தானே ஸ்டீயரிங் பாகங்களை மாற்றினார், அது கழன்றதால் விபத்து, வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனை மீறப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூடவே உதிரிபாகக் கடையின் பில் ஒன்றின் நகல்.

ஆக, விநோதமான நிலை. வழக்கமாக இயந்திரக் கோளாறு இல்லவே இல்லை என்று சாதிக்கும் இன்சூரன்ஸ் தரப்பு கோளாறு என்றது. வழக்கமாகக் கோளாறு என்று கதறும் உரிமையாளர் இல்லை என்றார்.

சட்டப்படி கம்பெனியின் வாதத்துக்குக் கால் கிடையாது. மூன்றாம் நபருக்கு எதிராக இன்சூரன்ஸ் கம்பெனி என்னென்ன சொல்லித் தப்பலாம் என்று அப்போதைய 149(2) பிரிவு பட்டியல் போட்டிருந்தது. லைசென்ஸ் இல்லாத டிரைவர், பெர்மிட் மீறல், பந்தய ஓட்டம், போர்ச்சூழல், முக்கிய உண்மையை மறைத்து எடுத்த பாலிசி என்று அது போகும். வண்டியின் நிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தீர்ப்பாயங்களில் ஒரு பழக்கம் உண்டு: கம்பெனி இப்போது கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வரி எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரி வந்தால் அவருடைய வீடு போகும். ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது; பின் அங்கேயேதான் இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும்.

கம்பெனி தரப்பில், விபத்துக்குப் பின் காரைப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளரைச் சாட்சியாக அழைத்தார்கள். முதல் விசாரணையில் டை ராட் பிரிந்திருந்தது என்பதை மட்டும் சொல்ல வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். குறுக்கு விசாரணையில் நான் பழைய டை ராட் எண்டைச் சாட்சியின் கையில் கொடுத்து, அதைக் காட்டியே கேட்டேன். நட் அதன் இடத்தில் இருந்ததா? இருந்தது. காட்டர் பின்? இருந்தது. இரண்டு காலும் மடங்கியிருந்ததா? மடங்கியிருந்தது. அப்படியானால் எது பிரிந்தது? உருண்டை கூட்டைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. ராட் எப்படி இருந்தது? வளைந்திருந்தது. ஓடும்போது தானாகக் கழன்றால் ராட் வளையுமா? வளையாது. வேறு எதனால் வளையும்?

"சக்கரம் எதிலாவது பலமாக மோதினால்."

பாலத்துச் சுவர். பார்வை மகசரோடு இருந்த வரைபடமும் அதையே சொன்னது. சைக்கிள் கிடந்த இடம் வரை டயர்த் தடம் நேராக இருந்தது. இழுபட்ட தடம் சுவருக்குப் பக்கத்தில்தான். மோதியதால் டை ராட் பிரிந்தது. பிரிந்ததால் மோதவில்லை.

பிறகு அந்தப் பில். உரிமையாளரே மாட்டினார் என்று காட்ட அவர்கள் கொண்டுவந்த காகிதம். அதில் 'டை ராட் எண்ட் 2' என்பதற்குக் கீழே, சில ரூபாய் விலையில், இன்னொரு வரி: 'காட்டர் பின் 2'. புதுப் பின் வாங்கத் தெரிந்தவர் பின் போடாமல் விட்டிருப்பாரா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அலைன்மென்ட் கடையின் அச்சுத் தாளையும் தாக்கல் செய்தோம். அதற்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை.

அவரைக் கூண்டில் ஏற்றியபோது கம்பெனி வக்கீல் நேராக வந்தார்.

"நீங்கள் கார் மெக்கானிக்கா?"

"இல்ல. பிட்டர்."

"மில் மெஷினும் காரும் ஒன்றா?"

"மெஷினு வேறதான். நட்டு ஒண்ணுதானே?"

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆவணத்தில் ஏறவில்லை.

வாதத்தின்போது இங்கிலாந்தின் பழைய வழக்கு ஒன்றையும் சொன்னேன்: வெல்ஸ் எதிர் கூப்பர், 1958. வீட்டுக்காரர் தானே கதவுக் கைப்பிடியை மாற்றுகிறார், முக்கால் அங்குல ஸ்குரு போட்டு. மீன் கொண்டுவந்து கொடுத்தவர் திரும்பும்போது கதவை இழுக்க, கைப்பிடி கையோடு வர, கீழே விழுந்து அடிபடுகிறார். இப்படிச் சின்ன வீட்டு வேலையில் எதிர்பார்க்க வேண்டியது ஓரளவு வேலை தெரிந்த தச்சனின் கவனம்தான், கூலி வாங்கும் தொழிலாளியின் ஒப்பந்தப் பொறுப்பு இல்லை என்று சொல்லி, வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், கதவுக் கைப்பிடியும் காரின் ஸ்டீயரிங்கும் ஒன்றா என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வேலையில் ஆபத்து ஏற ஏற, தெரிந்திருக்க வேண்டிய அளவும் ஏறத்தான் செய்யும். யூட்யூப் பார்த்துச் சுத்தியலைத் தூக்குகிற ஒருவருக்காக நான் அந்தத் தீர்ப்பை நீட்டியிருக்க மாட்டேன். என் காரை நான் இன்றுவரை பட்டறையில்தான் விடுகிறேன். ஆனால் நாற்பது வயதுக்குள் ஆயிரம் நட்டு முறுக்கிய கைக்கு அந்த வாதம் பொருந்தும் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

தீர்ப்பாயம் அந்த இங்கிலாந்து வழக்கைத் தொடவே இல்லை. தேவைப்படவில்லை. டிராக்டரை முந்தியதில் கவனக்குறைவு, ஸ்டீயரிங்கில் குறையில்லை, கம்பெனி பணம் கட்ட வேண்டும் என்று முடித்தது. உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு வரி வரவில்லை. பால்காரர் தரப்பு வக்கீல் 2010-ல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை நன்றாகவே பயன்படுத்தினார். டாக்டர் எழுதும் ஊனச் சதவீதம் வேறு, பிழைப்பில் ஏற்பட்ட இழப்பு வேறு என்கிற தீர்ப்பு அது. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் விடியற்காலையில் கேனைக் கட்டிக்கொண்டு பெடல் மிதிக்கிறவருக்கும் ஒரே கால்முறிவு ஒரே நஷ்டம் ஆகாது. அந்தக் கணக்கை நான் எதிர்க்கவில்லை. என் கட்சிக்காரரும் எதிர்க்க வேண்டாம் என்றார்.

2022 ஏப்ரலிலிருந்து 149-க்குப் பதில் 150-ம் பிரிவு. கம்பெனி சொல்லித் தப்பக்கூடிய காரணங்களின் பட்டியலில் குடித்துவிட்டு ஓட்டுவது சேர்ந்திருக்கிறது. வண்டியின் நிலை இப்போதும் இல்லை. அதற்காக உரிமையாளர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. 190-ம் பிரிவு இருக்கிறது. தெரிந்த குறையோடு ஓட்டினால் மட்டுமல்ல, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையோடு ஓட்டினாலும் குற்றம். அதனால் ஒருவருக்குக் காயம் என்றால் சிறைக்கும் இடமுண்டு. தேய்ந்த டை ராட் எண்டை மாற்றாமல் 'டொக் டொக்' என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதிய பிரிவு அது. மாற்றியவருக்கு அல்ல.

கிரிமினல் வழக்கு மீதமிருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 279, 338. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அவரே முடிவு செய்தார். நடுவர் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"ஓவர்டேக் எடுத்தது தப்புதான் அய்யா. ஸ்டீயரிங்கப் பத்தி மட்டும் எதுவும் எழுதிராதீங்க."

அபராதம் விதித்தார்கள். அன்றைக்கே கட்டிவிட்டார்.