தேதியைப் பாரும்மா!

காலை மணி 9.50. குழந்தைக்கு இட்லி ஊட்டி, மாமியாரிடம் விட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள் அவள். இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு கிடைத்த வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். 10 மணிக்கு மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் முதல் மீட்டிங்.

முந்தின நாள்தான் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, டீம்ஸ் ஏற்றிக் கொடுத்திருந்தார் கணவர். அப்போது நன்றாகத்தான் வேலை செய்தது. இன்று, உள்ளே விடவில்லை.

பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். ஏதோ எழுத்தும் எண்ணுமாக ஒரு பிழைச் செய்தி. படிக்காமலே மூடினாள். மூன்றாவது முறையும் அதே. மோடத்தை அணைத்துப் போட்டாள். மொபைலில் நெட் ஓடுகிறது, இதில் ஜிமெயில்கூடத் திறக்கவில்லை.

மணி 9.58. ‘வேண்டாம்னு எடுத்துட்டாங்களோ?’ கண் கலங்கிவிட்டது. எத்தனை இண்டர்வியூவில் “இத்தனை நாள் சும்மா இருந்தீங்களா?” என்ற கேள்வியைத் தாண்டி வந்திருக்கிறாள்!

காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார் மாமனார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிகாரம் பார்ப்பது ரத்தத்தில் ஊறியது.

“ஏம்மா, கீழ மூலையில 2019 ஜனவரி 1னு காட்டுதே? ஆடி பொறந்தே அஞ்சு நாளாச்சு!”

அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கம்ப்யூட்டருக்குள் நாணயம் அளவில் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்து போயிருந்தது. முந்தின நாள் கணவர் தேதியைத் திருத்தி வைத்தது, இரவில் பிளக்கைப் பிடுங்கியதும் போய்விட்டது. பாதுகாப்பான இணையதளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2019-லேயே நிற்கும் கம்ப்யூட்டருக்கு, இந்த வருடம் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறகு எப்படி நம்பும்?

மூலையில் இருந்த நேரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தேதி, நேரத்தைத் திருத்தினாள். ‘செட் டைம் ஆட்டோமேட்டிகலி’யையும் ஆன் செய்தாள். டீம்ஸை மூடித் திறந்தாள். உள்ளே விட்டது. மணி 10.07.

“சாரி சார்...” என்று ஆரம்பித்தாள்.

“வாங்க, இப்பதான் ஆரம்பிச்சோம்” என்றார் மேனேஜர்.

மூன்று முறை படிக்காமல் மூடிய அந்தச் செய்தியை அன்று மாலை தேடிப் பார்த்தாள். சிஏஏ20003 என்று முடியும் அந்தக் குறியீட்டுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் முதல் யோசனையே, ‘தேதி, நேரம் சரியா என்று பாருங்கள்’ என்பதுதான். அவசரத்துக்கு மொபைலிலேயே மீட்டிங்கில் சேர்ந்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பேட்டரியை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் காலண்டர் தாள் கிழிபடும் சத்தத்தோடு ஒரு குரல் வருகிறது: “தேதி சரியா இருக்காம்மா?”

“இருக்கு மாமா!”