இரு தலைநகரங்களும் ஒரு பள்ளிவாசலும்



மதுரையிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில் உங்களில் பலர் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். கீழக்கரையில் ஒரு நிக்காஹ், ஏர்வாடியில் ஒரு நேர்ச்சை, இராமநாதபுரத்தில் ஓர் அலுவல் என்று ஏதேனும் ஒரு காரணம் இருந்திருக்கும். பேருந்து பரமக்குடியைத் தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுவதே நம் வழக்கம். ஆனால் நூறு கிலோ மீட்டருக்குச் சற்றே கூடுதலான இந்த வழித்தடம், ஒரு காலத்தில் இரண்டு தலைநகரங்களை இணைத்தது. ஒரு முனையில் நாயக்க மன்னர்களின் மதுரை. மறுமுனையில் சேதுபதி மன்னர்களின் இராமநாதபுரம். இவ்வழியே படைகள் சென்றன, கலையும் சென்றது. படைகள் போன சுவடு இன்று இல்லை. கலை போன சுவடோ கல்லிலும் சுண்ணத்திலும் வண்ணத்திலும் அப்படியே நிற்கிறது.

ஐரோப்பாவில் பாரிசுக்கும் இலண்டனுக்கும் இடையே நிலவிய கலைத் தொடர்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது மோனே, பிசாரோ ஆகிய பிரெஞ்சு ஓவியர்கள் இலண்டனில் தஞ்சம் புகுந்து, அந்நகரின் பூங்காக்களையும் தெருக்களையும் தேம்ஸ் நதியையும் வரைந்தார்கள். போர் துரத்தியது, கலை வளர்ந்தது. அதைப் படித்து வியக்கும் நாம், நம் வீட்டு வாசலில் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலை அறியாமல் இருக்கலாமா?

மதுரையில் வளைவுகள்

முதலில் மதுரைக்கு வாருங்கள். திருமலை நாயக்கர் (1623-1659) 1636ஆம் ஆண்டில் எழுப்பிய மகாலின் முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். பருத்து உயர்ந்த வெண்தூண்கள். அவற்றின் மீது இலை வடிவில் வளைந்த வளைவுகள். சொர்க்கவிலாசத்தின் மேலே குவிமாடம். வளைவும் குவிமாடமும் எங்கிருந்து வந்தன? தக்காணத்துச் சுல்தான்களின் நகரங்களில் முஸ்லிம் கட்டடக் கலைஞர்கள் வளர்த்த முறை அது. அவர்களோடு போரிட்டும் உறவாடியும் வாழ்ந்த விஜயநகர மன்னர்கள் அம்முறையை விரும்பி ஏற்றார்கள். ஹம்பியிலுள்ள தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் அதற்குச் சாட்சி. விஜயநகரத்தின் வழிவந்த நாயக்கர்கள் அதை மதுரைக்குக் கொணர்ந்தனர். ஓர் இந்து மன்னரின் அரண்மனைக்கு அழகூட்டியது இஸ்லாமியக் கட்டடக் கலை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, கிழக்கு நோக்கிப் புறப்படுங்கள்.

இராமநாதபுரத்தில் வண்ணங்கள்

சேதுபதிகள் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்களுக்கு அடங்கியவர்களாகவே இருந்தனர். மைசூர்ப் படை மதுரையை நெருக்கியபோது, முதுமையில் நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்குத் துணை நின்று காத்தவர் அன்றைய சேதுபதியே. அதற்கு நன்றியாக, நவராத்திரி விழாவை மதுரையில் நடப்பது போன்றே தம் தலைநகரிலும் கொண்டாடும் உரிமையை நாயக்கர் அவருக்கு வழங்கினார் என்று வரலாறு கூறுகிறது. ஒரு தலைநகரின் சடங்கும் அலங்காரமும் மற்றொரு தலைநகருக்குப் பரிசாகச் சென்ற கதை இது.

பின்னர் கிழவன் சேதுபதி எனப் புகழ்பெற்ற இரகுநாத சேதுபதி, போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றினார். மதுரையின் மேலாதிக்கத்தையும் உதறினார். 1702இல் இராணி மங்கம்மாள் அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது. அதன் தளவாய் நரசப்பய்யர் களத்தில் மாண்டார். அரசியல் உறவு அறுந்தது.

கலையுறவு அறுந்ததா? இராமநாதபுரம் அரண்மனை வளாகத்திலுள்ள இராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்து பாருங்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அக்கட்டடம், கோயிலைப் போலவே மண்டபம், உள்மண்டபம், கருவறை போன்ற அறை என்று அமைந்தது. சுவரெங்கும் ஓவியங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்டவை. இராமாயணக் காட்சிகள் ஒருபுறம். சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி ஒருபுறம். தஞ்சை மராட்டியருடன் நடந்த போர் ஒருபுறம்.

அவற்றுள் ஓர் ஓவியத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் (1706-1732), சேதுபதியின் தலைமீது இரத்தினங்களைச் சொரிந்து அபிஷேகம் செய்கிறார். அன்று நாயக்கர்களின் ஆட்சிபீடம் திருச்சிக்கு மாறியிருந்தது. படைகள் மோதி அதிகக் காலம் ஆகியிருக்கவில்லை. ஆயினும் தம் பெருமையைக் காட்ட விரும்பிய சேதுபதி, நாயக்கர் கையால் பெற்ற சிறப்பையே தம் சுவரில் எழுதச் செய்தார். அதையும் நாயக்கர் காலத்து ஓவிய முறையிலேயே எழுதச் செய்தார். வாள் பிரித்ததைத் தூரிகை பிரிக்கவில்லை!

கீழக்கரையில் கற்றூண்கள்

இராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 17 கிலோ மீட்டர் தொலைவில் கீழக்கரை. கிழவன் சேதுபதிக்கு உற்ற துணையாக விளங்கிய வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர். ஷெய்கு அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட இப்பெருவணிகருக்குச் சேதுபதி தம் குடும்பப் பட்டமான ‘விஜய ரகுநாத’ என்பதையே சூட்டினார் என்பர். இராமநாதபுரத்தில் கோட்டையும் அரண்மனையும் எழுந்தபோது வள்ளலின் துணை இருந்தது என்பதும் வழிவழியாக வரும் செய்தி. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தூண்டுகோலாய் இருந்தவரும் இவரே.

அவர் பெயரோடு இணைத்துப் போற்றப்படும் நடுத்தெரு ஜும்ஆப் பள்ளியின் தொழுகைக் கூடத்தைப் பாருங்கள். வளைவுகளையும் குவிமாடத்தையும் எதிர்பார்த்துச் செல்வீர்களானால் வியப்படைவீர்கள். வரிசை வரிசையாகக் கற்றூண்கள். தூண்களின் மேலே போதிகைகள். அவற்றின் மீது கல் கூரை. கோயில் மண்டபத்திலும் இராமலிங்க விலாசத்திலும் கண்ட அதே திராவிடக் கட்டட மரபு. ஆனால் யாளி இல்லை, மனித உருவம் இல்லை, விலங்கு இல்லை. பூவும் கொடியும் பட்டையும் மட்டுமே. கல்தச்சரின் உளி அதே உளி. எதைச் செதுக்கலாம், எதைச் செதுக்கலாகாது என்பதை மார்க்கம் வகுத்தது. ஈமானில் ஓர் இம்மியும் குறையாமல், மண்ணின் கலையை நம் முன்னோர் தமதாக்கிக்கொண்ட விதம் இது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மதுரையில் மன்னரின் மகால் முஸ்லிம்களின் வளைவை வாங்கியது. கீழக்கரையில் முஸ்லிம்களின் பள்ளி தமிழகத்தின் தூணை வாங்கியது. வாங்கியவர் எவரும் சிறுத்துப் போகவில்லை. கொடுத்தவர் எவரும் இழக்கவும் இல்லை. ‘நீங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்’ என்று எவரேனும் சொன்னால் நாம் வாதாட வேண்டியதில்லை. அந்தத் தூண்களைக் காட்டினால் போதும்.

நம் கையில் இருப்பது

காட்டுவதற்குத் தூண்கள் நிற்க வேண்டுமே! தமிழகக் கடற்கரையூர்களில் பழைய கல்பள்ளிகள் பலவற்றைப் பிரித்துவிட்டு, கான்கிரீட் கட்டடங்களை எழுப்பியிருக்கிறோம். மிஞ்சியவற்றில் சிலவற்றின் மீது எண்ணெய் வண்ணம் பூசுகிறோம். கல்லை மறைத்துப் பளபளக்கும் ஓடு பதிக்கிறோம். ஊர் பெருகிவிட்டது, ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பது உண்மையே. அல்லாஹ்வின் இல்லத்தை விரிவாக்குவது நற்செயல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் விரிவாக்குவதற்காக இடிக்கத்தான் வேண்டுமா? பழைய கூடத்தை அப்படியே வைத்து, பக்கத்திலோ முன்புறத்திலோ புதிய கூடம் சேர்க்கலாம் அல்லவா?

உங்கள் ஊர்ப் பள்ளியில் திருப்பணி பற்றிப் பேச்சு எழுந்தால், ஜமாஅத் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். கல்வெட்டு இருந்தால் படியெடுக்கச் செய்யுங்கள். தூண்களைப் படம் பிடித்து வையுங்கள். உளியை எடுக்கும் முன் தொல்லியல் அறிந்த ஒருவரை அழைத்துக் கேளுங்கள். சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளைத் தேடித் தொகுத்தவர் இராமநாதபுரத்து அறிஞர் எஸ்.எம். கமால். அவர் அவற்றைத் தேடாதிருந்தால் எத்தனை செய்திகள் மண்ணோடு போயிருக்கும்!

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மூன்று ஊர்களையும் இதே வரிசையில் பார்த்து வாருங்கள். மகாலில் வளைவையும், விலாசத்தில் அந்த ஓவியத்தையும், பள்ளியில் தூணையும் அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்ணால் கண்டதை அவர்கள் காப்பாற்றுவார்கள், இன்ஷா அல்லாஹ்.