மணப்பட்டுக் கரையில் ஒரு செம்பாசி

மாசி, அமாவாசை, காலை

செம்பாசிக்கு வேர் கிடையாது. அடியில் உள்ள வட்டத் தட்டு போன்ற பிடிப்பால் கல்லில் ஒட்டி வளர்கிறது. பாகூர் கொம்யூனின் கரையோ மணற்கரை. மணலில் அதற்குப் பிடிமானம் இல்லை. மணப்பட்டு, மூர்த்திக்குப்பம் பக்கம் தேடுகிறவர் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் எங்கே கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அலை ஒதுக்கிய பாசியும் கிடைக்கும். ஆனால் அது எங்கே வளர்ந்தது என்று தெரியாததால் பெயர் காண அதை மட்டும் நம்பக் கூடாது.

பருவமும் முக்கியம். மழைக்காலத்தில் வில்லியனூர் வழியே வரும் சங்கராபரணி கலங்கல் நன்னீரைக் கடலில் கொட்டும். தெற்கே தென்பெண்ணையும் அப்படியே. மாசிக்குள் நீர் தெளிந்துவிடும். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கல்லின் அடிப்பகுதி வெளியே தெரிய அமாவாசை அல்லது பௌர்ணமி வற்றம் வேண்டும்.

அன்று மாலை

செம்பாசியை அடையாளம் காண்பதில் முதல் தடை அதன் நிறம்தான். ஒரே கல்லின் நிழற்பக்கத்தில் கருஞ்சிவப்பாக இருக்கும் பாசி, வெயில் படும் உச்சியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். சிவப்பைத் தருவது ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமி. கடும் வெயிலில் அது குறைந்து, அடியில் உள்ள பச்சையம் தெரியத் தொடங்கும். இந்த நிறமி நீரில் கரையவும் கூடியது. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவி ஊறவிட்டால் செல்கள் உடைந்து தண்ணீர் இளஞ்சிவப்பாகும், பாசி பச்சையாகும். புதிதாகத் தொடங்குபவர் பலர் இந்த இடத்திலேயே அதைப் பச்சைப்பாசி என்று எழுதிவிடுகிறார்கள். எடுத்த பாசியைக் கடல்நீரிலேயே வைத்திருக்க வேண்டும்.

மறுநாள்

கல்லில் கிடைக்கும் தட்டையான, கவை கவையாகக் கிளைத்த பாசி இரண்டு பேரினங்களில் ஒன்றாக இருக்கலாம்: கிரேசிலேரியா, கிரேட்டலூப்பியா. கை பாதி சொல்லிவிடும். முன்னது குருத்தெலும்பு போல விறைப்பானது. பின்னது வழவழவென்று நழுவும். முள் முள்ளாகச் சிறுகிளை கொண்ட ஹிப்னியாவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீதிப் பாதிக்குச் சவர பிளேடு போதும். காகிதத்தைவிட மெல்லிய குறுக்குச் சீவல் ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், கிரேசிலேரியாவின் நடுவே நிறமற்ற பெரிய செல்கள் நெருங்கி நிற்கும். வெளி ஓரத்தில் மட்டும் நிறமுள்ள சிறு செல்கள். கிரேட்டலூப்பியாவின் நடுவே நூல் நூலாக இழைகள். ஹிப்னியாவின் சரிநடுவில் அச்சுச் செல் ஒன்று தனியே தெரியும்.

மூன்றாம் நாள்

பேரினத்தை உறுதிசெய்ய இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான செம்பாசிகளின் வாழ்க்கை மூன்று தலைமுறை கொண்டது. ஆண், பெண் பாசிகள் ஒன்று. பெண் பாசியின் உடலிலேயே வளரும் சிறு தலைமுறை இரண்டாவது. நாற்சிதல் தரும் பாசி மூன்றாவது. கிரேசிலேரியாவில் ஆணும் பெண்ணும் நாற்சிதல் பாசியும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். பெண் பாசியில் மட்டும் உச்சியில் துளையுள்ள சிறு குமிழ்கள் புடைத்திருக்கும். சிஸ்டோகார்ப் என்பது அதுதான். நாற்சிதல்களைக் கண்டாலும் பயன் உண்டு: கிரேசிலேரியாவில் அவை சிலுவை போலப் பிரிந்திருக்கும், ஹிப்னியாவில் அடுக்காக. ஒரே ஒரு செடியைப் பிய்த்து வந்தால் இவை எதுவும் அமையாமல் போகலாம். ஒரே கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டாவது வேண்டும்.

பங்குனி, பௌர்ணமி

தட்டை நாடா, விறைப்பு, பெரிய செல் நடுப்பகுதி, ஓரங்களில் குமிழ்கள்: இவை சேர்ந்தால் கிரேசிலேரியா கார்டிகேட்டா. பேரினத்துக்குப் பெயரிட்டவர் ஸ்காட்லாந்தில் பணியாற்றிய கிரெவில், 1830இல். இந்த இனத்தை 1852இல் அப்பேரினத்தில் சேர்த்தவர் சுவீடனின் யாக்கோப் அகார்ட். இந்த இனத்திலேயே உருளை வடிவ வகையும் உண்டு. ஆகவே தட்டையாக இல்லை என்பதற்காக மட்டும் விலக்கிவிடக் கூடாது. முழுக்க உருண்ட கிளை கொண்டது பெரும்பாலும் கிரேசிலேரியா எடுலிஸ். மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் அதைக் கஞ்சிப்பாசி என்பார்கள். யாழ்ப்பாணக் கரையிலும் அது பழைய உணவு.

பெயர் பிழைத்தால் பயனும் பிழைக்கும். கிரேசிலேரியாவைக் காய்ச்சினால் அகார்; ஹிப்னியாவைக் காய்ச்சினால் கராஜீனன். அகார் சுமார் 35 டிகிரியில் உறைந்து, மீண்டும் உருக 85 டிகிரி வரை கேட்கும். கராஜீனனின் போக்கு வேறு. உப்பின் வகையைப் பொறுத்து அதன் இறுக்கம் மாறும். ராமநாதபுரம் கரையில் வளர்க்கப்படும் கப்பாஃபைக்கஸ் அல்வரேசியும் கராஜீனன் தருவதுதான். அது 1984இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்து காணப்பட்டது. கரையில் புதிய பாசி ஒன்று ஒதுங்கும்போது அது உள்ளூர் இனமா, வந்தேறியா என்று சொல்லவும் சரியான பெயர் வேண்டும்.

கடைசி வேலை சேமிப்பு. ஒரு செடியைக் கடல்நீரில் மிதக்கவிட்டு, கனத்த தாளை அடியில் நுழைத்துத் தூக்கி, மேலே துணி விரித்து அழுத்த வேண்டும். பாசியின் சொந்தப் பிசினே பெரும்பாலும் அதைத் தாளில் ஒட்டிவிடும். சீவலுக்கான இன்னொன்று, கடல்நீரில் கலந்த 4 சதவீத ஃபார்மலினில். ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும் என்பதால், விரல்நுனி அளவுத் துண்டு ஒன்றைத் தனியே சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வைக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே எண்; தாளின் மூலையில் ஊர், நாள், கல்லின் எந்தப் பக்கம், ஓதத்தின் நிலை, ஈரத்தில் இருந்த நிறம்.